மஞ்சள் கோடு விலகியபோது

பயமாக இருக்கிறது என்று அன்று நான் சொல்லவில்லை. காசிமேட்டில் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் இறக்கியபோது சொல்லவில்லை. துறைமுகத்தின் கல் தடுப்பைத் தாண்டியதும் முதல் அலை நம்மைத் தூக்கிக் கீழே வைத்தபோது சொல்லவில்லை. பாய் விரிந்து, படகு வலப்பக்கமாகச் சாய்ந்து, விளிம்பை உரசிக்கொண்டு தண்ணீர் ஓடியபோதும் சொல்லவில்லை. திரும்பிவிடலாமா என்று கேட்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை உனக்கு நினைவுபடுத்தவில்லை. என் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. குளிர் என்று நீ நினைத்திருப்பாய், தை மாதம்தானே. காலையில் நீ என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாய். அதை நான் காப்பாற்றினேன்.

இப்போது சொல்கிறேன், தம்பி. பயமாக இருக்கிறது. நீயும் உன் சிநேகிதன் ஏழுமலையும் அதே படகில் தெற்கே கிளம்பிப் போய்விட்டீர்கள். நாகப்பட்டினம் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்றாய். நேற்றுக் காலை புதுச்சேரிக்கு நேரே எங்கேயோ இருந்து ‘சாப்பிட்டாச்சு’ என்று ஒற்றைச் சொல் அனுப்பினாய். அதோடு உன் போன் அடங்கிவிட்டது. கரையை விட்டு விலகினால் சிக்னல் இருக்காது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். தெரியும். விஷயம் தெரிந்துவிட்டால் பயம் குறையும் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. அதனால் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாட்சாப்பில் நாலு வரி எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இவ்வளவு நீளமாக எழுதினால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நீ ஓர் இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் இப்போது என் ஆசையெல்லாம்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. உன் அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை கிடைத்ததும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை, இன்றுவரை அதேதான். இப்போதும் நீ பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால், என்னோடு வருகிற பெண்கள் “அக்கா, ஒங்க தம்பியா?” என்று கேட்கிறார்கள். நானும் உன்னைத் தம்பி என்றே கூப்பிடுவதால் அவர்கள் சந்தேகம் தீருவதில்லை. நாம் இருவரும் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவர்கள். ஆனால் நீ வளர வளரப் பயத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாய், நான் அவற்றையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, பிள்ளைப்பாக்கம் ஏரியில் நீ விட்ட முதல் படகு? அதைப் படகு என்று சொன்னால் ஏழுமலைகூடச் சிரிப்பான். கம்பெனிகளில் இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளுக்குள் இருக்கும் தெர்மகோல் பலகைகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி, நாலைந்தைச் சேர்த்துப் பொட்டலம் கட்டும் நாடாவால் இறுக்கியிருந்தாய். கையில் ஒரு மூங்கில். மழை முடிந்து ஏரி நிறைந்திருந்த நேரம். யாரோ வந்து சொன்னார்கள், நான் ஓடினேன். கரையில் நின்று கத்திய கத்தலில் கொக்கெல்லாம் எழுந்தது. நீ நிதானமாகத் திரும்பி வந்தாய். நான் அந்தப் பலகைகளைக் காலால் மிதித்து உடைத்தேன். வெள்ளை உருண்டைகள் காற்றில் பறந்து என் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டன. நீ அழவில்லை. “அது முழுவாதும்மா. தெர்மகோல் எப்டி முழுவும்?” என்று மட்டும் கேட்டாய். பக்கத்தில் நின்ற பையன்தான் ஏழுமலை. நாடாவை இறுக்கிக் கட்டியது தான்தான் என்று அவன் பல வருடம் கழித்துப் பெருமையாகச் சொன்னான்.

அதே ஏழுமலையின் ஷெட்டில்தான் இந்தப் படகும் வந்து நின்றது. அவன் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஃபைபர் பட்டறை. பஸ்களுக்கு முன்முகம், இருக்கை, தண்ணீர்த் தொட்டி என்று செய்துகொண்டிருந்தவர்களுக்குச் சென்னையில் பாய்ப்படகு விடும் ஓரிடத்திலிருந்து சின்னப் படகுகள் பழுதுபார்க்க வந்தன. நீ டிப்ளமோ முடித்து வண்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம்; ஞாயிறு தோறும் அங்கேயே கிடந்தாய். பழுது பார்த்த படகை ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று அந்தப் பாய்ப்படகுக்காரர்களே உங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சின்னப் படகுகளுக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. கவிழும், நனைவாய், நிமிர்த்தி ஏறிக்கொள்வாய், கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும். பிறகு புதுச்சேரியில் ஒருவர் வெடிப்பு விட்ட பெரிய படகை ‘எடுத்துட்டுப் போனாப் போதும்’ என்று கொடுத்தார். லாரியில் அது வந்து இறங்கியபோது நான் நிமிர்ந்து பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றுக்குக் கீழே இரும்புப் பாரம், உள்ளே படுக்கிற அறை, பாய்மரம் மட்டும் தனியாக ட்ரம்களின் மேல் படுத்திருந்தது, நம் வீட்டு மொட்டைமாடியை விட உயரமாக நிற்கப் போவது.

“யம்மா, இன்னா இப்டிப் பாத்துகினு கீறீங்க? படகு இது, பாம்பு இல்ல” என்றான் ஏழுமலை.

உன் அப்பா படகைச் சுற்றி ஒரு முறை வந்தார். டயரைத் தட்டுவதைப் போல அதன் அடியைத் தட்டினார். “எல்லாம் சரி. எங்க நிறுத்துவ?” என்று கேட்டார். முப்பது வருடமாக வண்டி நிறுத்த இடம் தேடுகிறவருக்கு வேறு என்ன தோன்றும்.

வாரக்கணக்கில் நீங்கள் அதோடு போராடியதை நான் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் புத்தகத்தோடு பார்த்திருக்கிறேன். பல நாள் பக்கம் புரண்டதே இல்லை. பாய்மரத்தை நிறுத்த ஹைட்ரா கிரேன் வந்த அன்று, மேலே போகும் மின்கம்பி எவ்வளவு தூரம் என்று உன் அப்பா நடந்து நடந்து அளந்தார். கிரேன்காரர் கோபப்பட்டு, “நைனா, நான் இதே வேலையாத்தான் கீறேன்” என்றார். மரம் நின்றது. அதை நிறுத்தி வைத்திருப்பவை வெறும் நான்கு கம்பிகள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு டர்ன்பக்கிள். திருகினால் கம்பி இறுகும். நீ கம்பெனிப் பழக்கத்தில், நீளமான ஸ்பானர் போட்டு, கம்பி வீணைத் தந்தி மாதிரி பாடும் வரை இறுக்கினாய். மறுநாள் படகின் அறைக் கதவு மூடவில்லை. இழுத்த இழுப்பில் படகின் உடம்பே வளைந்திருந்தது. “கதவு மூடல. படகு வாயப் பொளந்துட்டு நிக்கு” என்றார் அப்பா. ஷிப்டு முடிந்து போகிற பையன்கள் வேலியோரம் நின்று, “இன்னா ப்ரோ, ஏரில வுடப் போறியா? மொதல்ல ஏரில தண்ணி கீதா பாரு” என்று கிண்டல் செய்தார்கள். நீ முகம் சிவக்க எல்லாவற்றையும் தளர்த்தினாய். அன்று நீ எனக்குச் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை: “சின்னப் படகு தப்பு பண்ணா ஒடனே நனச்சுரும்மா. பெருசு அப்டி இல்ல. தப்ப சேத்து வச்சுக்கும்.”

நீ அதை ஒரு செய்தியாகச் சொன்னாய். நான் மடியில் இருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

காசிமேட்டில் மரத்தை நிறுத்தியபின் கம்பிகளைக் கடைசியாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தாய். திருகு தானாகச் சுழலாதபடி செருகி நுனியை வளைக்கிற ஸ்ப்ளிட் பின்னை அதுவரை டர்ன்பக்கிளில் குத்த வேண்டாம், குத்தினால் ஒவ்வொரு தடவையும் பிடுங்க வேண்டும் என்றாய். நியாயமாகத்தான் பட்டது. பின்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் என் கைப்பைக்குள் இருந்தன. காசிமேட்டில் படகை இறக்கி, மரத்தை நிறுத்தி, நீ நான்கையும் அளவாக முறுக்கி முடித்தாய். முடித்ததும் என்னைப் பார்த்தாய். நான் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் மார்க்கரை எடுத்தேன். நமக்குள் அதற்குப் பேச்சே வேண்டியிருக்கவில்லை. கம்பெனி லைனில் ஒருவன் போல்ட்டை முறுக்குவான், இன்னொருவர் சரிபார்த்து, போல்ட்டின் மேலிருந்து பக்கத்து உலோகம் வரை குறுக்கே ஒரு கோடு போடுவார். கோடு நேராக இருக்கும்வரை அது அசையவில்லை என்று அர்த்தம். எட்டிப் பிடித்து, குனிந்து, நான்கு டர்ன்பக்கிளிலும் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் கோடு போட்டிருப்பேன். இவ்வளவு பெருமையோடு ஒன்றும் போட்டதில்லை. உன் வேலையை நான் பார்த்து முடித்தேன் என்று இருந்தது.

தம்பி, அந்தக் கோடுதான் நம் இருவர் கண்ணையும் கட்டிவிட்டது. கோடு விழுந்தால் வேலை முடிந்தது. லைனில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னைப் பற்றி நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். வேறு யாராக இருந்தாலும், ‘இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது’ என்ற உறுத்தலாவது இருந்திருக்கும். நமக்கு அதுவும் இல்லை.

அன்று காலை, படகை இறக்கும் முன்பே நீ என்னிடம் வாக்குக் கேட்டிருந்தாய். “ம்மா, இன்னிக்கு ஒரு நாள். பயமா இருக்கு, பயமா இருக்குன்னு சொல்லக் கூடாது. நீ சொல்லச் சொல்ல எனக்குக் கை ஒதறுது.”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

கரையில் நின்ற அப்பா சிரித்தார். “அவ அதச் சொல்லாம இருந்தா, நான் காசிமேட்டுலருந்து ஒரகடம் வரைக்கும் பஸ்ஸ ரிவர்ஸ்லயே ஓட்டுறேன்.”

நீ சைக்கிள் பழகியபோது நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியும். வாலாஜாபாத் ரோட்டின் ஓரத்தில், கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட டிரெய்லர்கள் பக்கத்தில் உறுமிப் போக, நான் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். ‘பயமா இருக்கு, பயமா இருக்கு’ என்று கத்தியபடி. நீ ஓட்டவும் பழகிவிட்டாய், நான் விடவில்லை. கடைசியில் நான் இழுத்த இழுப்பில்தான் விழுந்தாய். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் வாடைக்காற்று நன்றாக வீசியது. இடப்பக்கத்திலிருந்து காற்று, படகு வலப்பக்கம் சாய்ந்து கிழக்கே போனது. நீ இடப்பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருந்தாய். உனக்கு எட்டு வயதில் நான் பார்த்த வெளிச்சம் உன் முகத்தில் இருந்தது. அதற்காகவாவது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் அங்கே ஏறி உட்கார முடியவில்லை. நடுவில் இருந்த பள்ளத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எதையோ பிடித்தபடி இருந்தேன். கரையிலிருந்து நமக்கெல்லாம் தைரியம் சொன்ன ஏழுமலை கல் தடுப்பு தாண்டியதுமே வாந்தியெடுத்துக் குப்புறப் படுத்துவிட்டான். “ரோடே மேல்” என்று அவ்வப்போது முனகினான்.

கடலைப் பார்த்தால் தலை சுற்றியது. கரையைப் பார்த்தால், அது சிறிதாகிக்கொண்டே போவது தெரிந்தது. மேலே பார்த்தால் அந்த மரம் வானத்தைக் கீறிக்கொண்டு ஆடியது. ஆகவே மிகப் பக்கத்தில், அசையாத ஒரு பொருளைப் பார்ப்போம் என்று தேடினேன். வலப்பக்கம், தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போகும் விளிம்பில், நான் கோடு போட்ட டர்ன்பக்கிள் இருந்தது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்ததால் அந்தப் பக்கக் கம்பிக்கு அப்போது வேலையில்லை. தொய்ந்து, ஒவ்வொரு அலைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட மஞ்சளைப் பார்த்தேன். அது என் வீட்டுப் பொருளைப் போல, என் மேசையைப் போல இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மெல்லப் புரிந்தது, அது கோடாக இல்லை. மேலே ஒரு மஞ்சள் துண்டு, கீழே ஒரு மஞ்சள் துண்டு, இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பார்க்கும்போதே மேல் துண்டு இன்னும் கொஞ்சம் திரும்பியது. திருகின் புரிகள் வெளியே பளபளத்தன. உள்ளே இரண்டோ மூன்றோ புரிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போது நீ சொன்னாய்: “போதும், திருப்பப் போறேன். ஏழு, அந்தக் கயித்த லூஸ் பண்ணு.”

“டேய், நான் செத்துகினு கீறேன்டா. நீயே பண்ணிக்க” என்றான் ஏழுமலை.

திருப்பினால் காற்று வலப்பக்கம் வந்துவிடும் என்று நீ ஷெட்டில் ஒரு கரண்டியையும் நூலையும் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறாய். காற்று வருகிற பக்கத்துக் கம்பிதான் மரம் முழுவதையும் தாங்கும். அந்த இரண்டு புரியும் தாங்காது. மரம் நம் மேலேயோ கடலிலேயோ விழும். உன் கை சுக்கானைத் தள்ளத் தொடங்கியிருந்தது. என் வாயில் முதலில் வந்தது வழக்கமான அந்த இரண்டு சொற்கள்தான். வாக்குக் கொடுத்திருந்ததால் அவற்றை விழுங்கினேன். விழுங்கிய இடத்திலிருந்து வேறொன்று வந்தது. லைனில் பேசுகிற குரலில், சத்தமில்லாமல் வந்தது.

“மார்க் விலகியிருக்கு.”

உன் கை நின்றது. “எது?”

“வலப்பக்கம். கோடு சேரல. புரி வெளிய தெரியுது.”

நீ நிச்சயமா என்று கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுக்கானைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, “திருப்பல” என்றாய். அப்புறம்தான் எட்டிப் பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உனக்கும் பயம் வரும் என்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. காலுக்குக் கீழே தரை போனதுபோல இருந்தது.

“பாய எறக்கிரலாமா?” என்று கேட்டேன்.

“எறக்குனா படகு ரெண்டு பக்கமும் உருளும். உருண்டா அந்தக் கம்பி வெட்டி வெட்டி இழுக்கும். இப்டியே போகணும். சரிபண்ற வரைக்கும் இப்டியேதான் போகணும்.” நீ பேசியது எனக்கா உனக்கா என்று தெரியவில்லை. துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டுமானால் காற்று வலப்பக்கம் வந்தாக வேண்டும். வராமல் இருக்க வேண்டுமானால் கிழக்கே, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். பத்திரமாக இருப்பதற்கு வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும் என்ற கணக்கை என் மூளை ஏற்கவே இல்லை.

“ம்மா, இங்க ஏறி வா. சுக்கானப் பிடி.”

எப்படி ஏறினேன் என்று தெரியாது. “தூரத்துல கப்பல் நிக்குதுல்ல, அதப் பாத்து நேரா பிடி.”

“அது நகந்துச்சுன்னா?”

“நங்கூரம் போட்டிருக்கும்மா.”

“நல்லாத் தெரியுமா?”

“அம்மா!”

உயரத்தில் வேலை செய்பவர்கள் போடும் பெல்ட்டை நீ பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்தாய். அதன் கொக்கியை மாட்டிக்கொண்டு சாய்ந்த பக்கமாகத் தவழ்ந்து இறங்கினாய். ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உன் முழங்கை வரை ஏறி வடிந்தது. அந்தத் தழும்பு தெரிந்தது. நான் கப்பலைப் பார்க்க வேண்டும், உன்னைப் பார்த்தேன். உடனே பாய் படபடவென்று உதறியது, படகு தானாகவே திரும்பப் பார்த்தது. “கப்பல்! கப்பலப் பாரு!” என்று கத்தினாய். இழுத்தேன். கப்பல் மறுபடி நேரே வந்தது. அதன்பின் உன்னைப் பார்க்கவில்லை. பிள்ளை தண்ணீரோரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தாய் அவனைப் பார்க்காமல் இருப்பதுதான் அவனைக் காப்பாற்றும் என்றால், அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

“முறுக்கிட்டேன். பின்னு எங்க?” என்று உன் குரல் கேட்டது.

“என் பையில.”

பை பள்ளத்தில் கிடந்தது. சுக்கானை விட முடியாது. காலால் தள்ளினேன். குப்புறக் கிடந்த ஏழுமலை கையை நீட்டி அதைப் பிடித்தான். முகம் வெளிறிப்போய், முழங்காலால் ஊர்ந்து, கவரைப் பல்லால் கிழித்து உன்னிடம் நீட்டினான். நீட்டிக்கொண்டே திட்டினான்: “இத்த மொதல்லயே குத்துறதுக்கு இன்னாடா கேடு ஒங்களுக்கு? ஆயியும் புள்ளயும் கலர் பூசிகினு இருந்தீங்களே!”

நான் சிரித்தேன். நடுக்கடலில், சத்தமாகச் சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்று நினைக்கிறேன். கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது.

மற்ற மூன்றிலும் பின் குத்தி முடித்த பிறகு நீ படகைத் திருப்பினாய். காற்று வலப்பக்கம் மாறியது. அந்தக் கம்பி சுமையை வாங்கியபோது ஒரு சத்தம் எழுந்தது, கதவில் யாரோ முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டியதைப் போல. மரம் நின்றது.

அப்பா துறைமுகப் படிக்கட்டில் காத்திருந்தார். நம் முகங்களைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான். “சொன்னாளா?”

“சொல்லல” என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப நான் ரிவர்ஸ்லயா போகணும்?” என்றார்.

அதன் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். காலையிலிருந்து நான் பயமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால், மார்க் விலகியிருக்கு என்று சொன்னபோது நீ கேட்டிருப்பாயா? அதுவும் என் புலம்பலில் ஒன்று என்று திருப்பியிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நான் அந்த டர்ன்பக்கிளைப் பார்த்ததே பயத்தால்தான். தைரியசாலியாக இருந்திருந்தால் உன்னைப் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பயம் இருக்கட்டும், தம்பி. அது எங்கே கையைக் காட்டுகிறது என்று பார். வெறும் ‘பயமா இருக்கு’ என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் முறுக்க முடியாது. ‘வலப்பக்கம் கோடு சேரவில்லை’ என்றால் கை வைக்க ஓர் இடம் இருக்கிறது. உனக்கென்று ஒருத்தி வந்து, அவள் உன்னிடம் பயம் என்று சொன்னால், சொல்லாதே என்று வாக்கு வாங்காதே. எங்கே என்று கேள். நானும் உன்னிடம் அப்படிச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். உன் பிள்ளைப்பருவம் முழுவதும் இடமே இல்லாத பயத்தைத்தான் உன் காதில் ஊற்றினேன்.

இன்னொன்று, நாம் முடிந்தது என்று நினைக்கிறவற்றைப் பற்றி. நாமே போட்ட அடையாளத்தை நாமே நம்பிவிடுகிறோம். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, பிள்ளை வளர்ந்தான் என்று நான் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு எதையும் பிடித்து வைக்காது. விலகினால் காட்டும், அவ்வளவுதான். அதுவும் யாராவது பார்த்தால். பிடிப்பது பின்தான். அதை வளைத்துவிட்டாயா என்று தொட்டுப் பார்.

நீ கிளம்பிய காலையில் நான்கு பின்னும் வளைத்து, மேலே நாடா சுற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாய். “நீயே மார்க் பண்ணிரும்மா.” போட்டேன். ஒன்று கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கண்ணாடி போன்ற நாடாவைச் சுற்றினாய், கோடு வெளியே தெரியும்படி. கூட வரச் சொல்லி நீ கேட்கவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. “போய்ட்டு வா” என்றேன். அப்புறம் நீ சொன்னாய்: “இன்னிக்குச் சொல்லிக்கோ, பரவால்ல.” எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எங்கே பயம் என்று கேட்டால் கை காட்ட ஓர் இடமும் இல்லாமல் இருந்தது. கடல் முழுவதும் இருந்தது.

இன்று மதியச் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. இனி போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போக வேண்டும். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இப்போது பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நெட்டை அணைத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பார்த்து ஒன்றும் இல்லாவிட்டால் மிச்ச நேரம் கோடு நேராக விழாது. பார்க்காமல் போகிறேன். பயமாக இருக்கிறது.

ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபின்தான் போனில் நெட்டைப் போட்டேன். நீ நாகப்பட்டினத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாய். உன் முகம் இல்லை, கடலும் இல்லை. வலப்பக்க டர்ன்பக்கிள், வளைந்த பின், நேராக இருந்த மஞ்சள் கோடு. நான் காலையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிய கொஞ்ச நேரத்திலேயே அதை அனுப்பியிருந்தாய். நீ கரை சேர்ந்த பிறகும் ஒரு ஷிப்டு முழுவதும் நான் பயந்துகொண்டிருந்தேன்.